12345678987654321: ஒரு பெரிய மாலைமாற்று எண்ணை முழுதாக அலசும் வழி

விகடகவி என்ற சொல்லைப் பின்னிருந்து படித்தாலும் விகடகவிதான். எண்ணில் இப்படி அமைந்தால் பாலிண்ட்ரோம் எண் என்கிறோம். தமிழ் யாப்பில் இதற்கென்றே இருக்கும் பெயர் மாலைமாற்று. இதைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் 121, 1331 என்ற அளவில் நின்றுவிடும். சின்ன எண்ணில் எல்லாம் கண்ணுக்கே தெரிந்துவிடுவதால், ஏன் அப்படி என்று கேட்கத் தோன்றாது. அதனால் இங்கே 17 இலக்கம் கொண்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

12345678987654321

நம் முறைப்படி கமா போட்டால் 12,34,56,78,98,76,54,321. அதாவது 123 கோடியே 45 இலட்சத்து 67 ஆயிரத்து 898 கோடி, அதற்குமேல் 76 இலட்சத்து 54 ஆயிரத்து 321.

அலசும்போது ஒரு கேள்வியைக் கையிலேயே வைத்திருங்கள்: கண்ட பண்பு எங்கிருந்து வந்தது? இலக்கங்கள் சமச்சீராக நிற்பதால் வந்ததா, எண் ஒரு முழு வர்க்கம் என்பதால் வந்ததா, நாம் பத்தடிமானத்தில் (0 முதல் 9 வரையான பத்து இலக்கங்களைக் கொண்டு) எழுதுவதால் வந்ததா? இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

படி 1: எண் சிதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கணக்கைத் தொடங்கும் முன்பே எண் கெட்டுப்போவது உண்டு. எக்செல்லின் ஒரு கட்டத்தில் இந்த எண்ணைத் தட்டினால் அது 12345678987654300 ஆகிவிடும். எக்செல் 15 முக்கிய இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்ஜியமாக்குகிறது. கட்டத்தை முதலில் 'உரை' வகைக்கு மாற்றிவிட்டுத் தட்டினால் இலக்கங்கள் தப்பும்; ஆனால் அதை வைத்துக் கூட்டவோ வகுக்கவோ போனால் மறுபடி அதே கதைதான்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் சாதாரண எண்ணாகக் கொடுத்தால் 12345678987654320 என்று வரும். காரணம், எண்களைக் குறிப்பிட்ட துல்லியத்துக்கு மட்டும் சேமிக்கும் மிதவைப் புள்ளி அமைப்பு. அதில் 2⁵³ = 9007199254740992 வரைதான் எல்லா முழு எண்களுக்கும் இடமுண்டு. அதைத் தாண்டி 2⁵⁴ வரை இரட்டை எண்கள் மட்டுமே உட்காரும். நம் எண் அந்த இடைவெளியில் இருக்கும் ஒற்றை எண், எனவே ஓர் அலகு நகர்ந்தே ஆக வேண்டும்.

இதைவிட நயவஞ்சகமான பொறி ஒன்று உண்டு. முழு வர்க்கமா என்று பார்க்கப் பலரும் சாதாரண வர்க்கமூலச் செயல்கூறை அழைத்து, விடை முழு எண்ணா என்று பார்ப்பார்கள். நம் எண் 111111111-ன் வர்க்கம் (ஏன் என்பதைப் படி 5-ல் பார்ப்போம்). 12345678987654320-ன் வர்க்கமூலம் 111111111-ஐ விடச் சுமார் 0.0000000045 மட்டுமே குறைவு. அந்த அளவுள்ள எண்களுக்கு இடையே மிதவைப் புள்ளி காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.000000015. ஆகவே கணினி அதை 111111111 என்றே முழுமையாக்கி, முழு வர்க்கமே இல்லாத ஓர் எண்ணை முழு வர்க்கம் என்று சொல்லிவிடும்.

பைத்தான் நிரல்மொழியின் முழு எண்களுக்கு இலக்க வரம்பு இல்லை. அதன் 3.8 பதிப்பிலிருந்து முழுவெண் வர்க்கமூலச் செயல்கூறு தனியாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, கிடைத்த மூலத்தை மீண்டும் வர்க்கப்படுத்தி ஒப்பிடுங்கள். 64 பிட் முழு எண்ணிலும் நம் எண் அடங்கும் (உச்சம் 9223372036854775807), ஆனால் இடையில் வரும் பெருக்கல்கள் அடங்காமல் போகலாம்.

மாலைமாற்றுத்தானா என்று சோதிப்பது எளிது: சரமாக மாற்றித் திருப்பி ஒப்பிட வேண்டும். கமாக்களையும் ஓரத்து இடைவெளிகளையும் முதலில் நீக்குங்கள். மேலே கமா போட்டு எழுதிய வடிவத்தைத் திருப்பினால் 123,45,67,89,87,65,43,21 என்று வரும், அது பொருந்தாது.

படி 2: வரிசையில் இதன் இடம்

17 இலக்க மாலைமாற்று எண்ணை அதன் முதல் 9 இலக்கங்களே தீர்மானித்துவிடுகின்றன. மற்ற 8 அவற்றின் பிம்பம். எனவே 17 இலக்கத்தில் மொத்தம் 9 × 10⁸ மாலைமாற்று எண்கள் உண்டு. நம் எண்ணின் பாதி 123456789. 17 இலக்கத்துக்குள் இதன் இடம் 123456789 − 100000000 + 1 = 23456790. ஒன்று முதல் பதினாறு இலக்கம் வரை உள்ளவை 2 × (10⁸ − 1) = 199999998. கூட்டினால் 223456788. பூஜ்ஜியத்தையும் மாலைமாற்றாகக் கொண்டால் ஓரிடம் தள்ளி, இது 223456789ஆவது. கண்ணுக்கு அழகாக இருக்கிறது, ஆழமான பொருள் ஏதுமில்லை. பாதி எண்ணோடு 10⁸ கூடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்த மாலைமாற்று எண்ணைக் காண, பாதியோடு ஒன்றைக் கூட்டி மறுபடி பிம்பம் எடுங்கள்: 123456790, ஆக 12345679097654321. நடு இலக்கத்தில் நேராக ஒன்றைக் கூட்ட முயன்றால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள், ஏனெனில் நடுவில் இருப்பது 9. அடுத்ததற்கான தூரம் 110000000. முந்தையது 12345678887654321, அதற்கான தூரம் 100000000 மட்டுமே.

படி 3: இலக்கக் கூடுதலும் 81இன் விந்தையும்

1 முதல் 8 வரை கூட்டினால் 36, இரு பக்கமும் 72, நடுவில் 9. ஆக இலக்கக் கூடுதல் 81.

9ஆல் வகுபடும் என்று உடனே சொல்லலாம். ஆனால் 'கூடுதல் 81, எனவே எண்ணும் 81ஆல் வகுபடும்' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். சுழிப்பது சரியே: 1899999999-ன் இலக்கக் கூடுதலும் 81தான், ஆனால் 81ஆல் வகுத்தால் மீதி 9. 27க்கும் அப்படியே: 11898-ன் கூடுதல் 27, 27ஆல் வகுத்தால் மீதி 18.

இப்போது 11898-ன் அதே ஐந்து இலக்கங்களை மாலைமாற்றாக அடுக்குங்கள்: 18981. இது 27 × 703. மீதியில்லை! தற்செயல் அல்ல. பொதுவாகப் பொய்யான அந்த விதி, மாலைமாற்று எண்களுக்கு மட்டும் மெய். காரணத்தை நிதானமாகப் பார்ப்போம்.

10 என்பது 1 + 9. 10² = 1 + 18 + 81. இதில் 81ஐ உதறினால் 1 + 9 × 2. இதேபோல் 10-ன் எந்த அடுக்கை எடுத்தாலும், 81ஆல் வகுக்கும் கணக்கில் அதை '1 + 9 × அடுக்கு' என்று மாற்றிக்கொள்ளலாம். விரிவில் எஞ்சுபவை எல்லாம் 81-ன் மடங்குகள். இலக்கங்களுக்கு வலமிருந்து 0, 1, 2 என்று இட எண் கொடுங்கள். அப்போது எந்த எண்ணும், 81ஆல் வகுக்கும் கணக்கில், இதற்குச் சமம்:

இலக்கக் கூடுதல் + 9 × (ஒவ்வோர் இலக்கத்தையும் அதன் இட எண்ணால் பெருக்கிக் கூட்டியது)

பொதுவான எண்ணில் இரண்டாவது பகுதி எப்படி வேண்டுமானாலும் இருக்கும். மாலைமாற்றில் அப்படியில்லை. இலக்கங்களை ஒரு தராசுக்கோலில் தொங்கும் எடைகளாக நினைத்தால், சமச்சீர் காரணமாக ஈர்ப்பு மையம் சரியாக நடுவில் விழும். நம் எண்ணில் இட எண்கள் 0 முதல் 16 வரை, நடு இடம் 8. ஆகவே இடத்தால் பெருக்கிய கூடுதல் = 8 × இலக்கக் கூடுதல். மொத்தம்:

இலக்கக் கூடுதல் × (1 + 72) = இலக்கக் கூடுதல் × 73

73-ல் 3 காரணியாக இல்லை. எனவே எண் 81ஆல் வகுபட வேண்டுமானால் இலக்கக் கூடுதல் 81ஆல் வகுபட்டே ஆக வேண்டும். அது வகுபட்டால் எண்ணும் வகுபடும். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடு இடம் அரையில் விழும். அப்போது இரு பக்கத்தையும் இரண்டால் பெருக்கிவிட்டு இதே வாதத்தைச் செய்யலாம், முடிவு மாறாது.

நம் எண்ணுக்கு ஈவு 152415789971041. தன் இலக்கக் கூடுதலாலேயே வகுபடும் எண்ணை ஹர்ஷத் எண் என்பார்கள். நம் எண் அந்த வகையில் சேர்கிறது. விதியை 243க்கு நீட்டிவிடாதீர்கள். அங்கே 81-ன் மடங்கை உதற முடியாது, வாதம் அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

படி 4: 11, 7, 13

இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள மாலைமாற்று எண் எப்போதும் 11ஆல் வகுபடும். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் போகும்போது ஒவ்வோர் இலக்கமும் அதன் பிம்பமும் எதிரெதிர்க் குறியோடு வந்து அடிபட்டுப் போகும். 1221, 698896 எல்லாம் இப்படி. பின்னது 836-ன் வர்க்கம். 836-ல் 11 இருப்பதும் இதனால்தான் கட்டாயமாகிறது.

நம் எண்ணுக்கு 17 இலக்கம் என்பதால் இந்தச் சலுகை இல்லை. 1 − 2 + 3 − 4 … என்று போனால் ஒரு பக்கம் −4, மறுபக்கம் −4, நடுவில் +9: விடை 1. 11ஆல் வகுக்க மீதி 1.

7, 11, 13 மூன்றையும் ஒரே மூச்சில் பார்க்க 7 × 11 × 13 = 1001 என்பதைப் பயன்படுத்தலாம். வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்: 321 − 654 + 987 − 678 + 345 − 12 = 309. இதை 7ஆல் வகுக்க மீதி 1, 11ஆல் வகுக்க மீதி 1, 13ஆல் வகுக்க மீதி 10. மூன்றும் காரணிகள் அல்ல. முதலில் கிடைத்த 11-ன் மீதியும் இதுவும் ஒத்துப்போவதால் கூட்டலில் பிழையில்லை என்பதும் உறுதியாகிறது.

படி 5: ஏன் இது முழு வர்க்கம்

111111111 × 111111111 என்று எழுதிப் பெருக்குங்கள். ஒன்பது வரிகள், ஒவ்வொன்றும் ஒன்பது ஒன்றுகள், ஒவ்வொரு வரியும் ஓரிடம் தள்ளி. நெடுக்காகக் கூட்டினால் ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றனவோ அதுவே அந்த இடத்து இலக்கம்: 1, 2, 3 என ஏறி, நடுவில் 9, பின் இறங்கும். எங்கும் 9ஐத் தாண்டாததால் இனமாற்றம் வேண்டியதில்லை. வடிவம் குலையாமல் நிற்பதற்கு இதுவே முழுக் காரணம்.

பத்து ஒன்றுகளை வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 1111111111² = 1234567900987654321. நடு நெடுவரிசையில் 10 சேர்ந்து, இனமாற்றம் இடப்பக்கத்தைக் கலைத்துவிடுகிறது. இது மாலைமாற்று அல்ல. ஆகவே பத்தடிமானத்தில் இந்த வரிசை 1, 121, 12321 என்று தொடங்கி நம் எண்ணோடு முடிகிறது. நம் எண்தான் கடைசிப் படி. 9ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் மகாவீரர், ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறிப் பின் இறங்கும் எண் என்று 12345654321-ஐக் குறிப்பிட்டிருக்கிறார். பின்னாளில் கப்ரேகர் (1905–1986) இவ்வகை எண்களுக்கு டெம்லோ எண்கள் என்று பெயர் வைத்தார்.

10க்குப் பதில் 'அ' என்று வைத்தால் (1 + அ + அ² + … + அ⁸)² என்ற பல்லுறுப்புக்கோவையின் கெழுக்களே 1, 2, … 9, … 2, 1. எனவே பத்து அல்லது அதற்கு மேற்பட்ட எந்த அடிமானத்திலும் '111111111' என்பதன் வர்க்கம் '12345678987654321' என்றே எழுதப்படும், அது குறிக்கும் மதிப்பு வேறாக இருந்தாலும். ஒன்பதடிமானத்தில் 9 என்ற இலக்கமே கிடையாது, அங்கே வடிவம் உடைந்துவிடும்.

நம் எண்ணை, அதன் மதிப்பை மாற்றாமல், இருமத்தில் (0, 1 மட்டும் கொண்டு) எழுதினால் மாலைமாற்றாக வருமா? 54 பிட்களையும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. எந்த ஒற்றை எண்ணின் வர்க்கமும் 8ஆல் வகுக்க மீதி 1 தரும். எனவே இருமத்தில் 001 என்று முடியும். மாலைமாற்றாக இருக்க 100 என்று தொடங்க வேண்டும். நம் எண்ணை 2⁵³ஆல் வகுத்தால் சுமார் 1.37, அது 1.25க்கும் 1.5க்கும் நடுவில் இருப்பதால் தொடக்கம் 101. பொருந்தவில்லை. சமச்சீர் என்பது எண்ணின் உடைமை அல்ல, எழுதும் முறையின் உடைமை என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று தேவையில்லை.

படி 6: காரணிப்படுத்தல்

வர்க்கம் என்று தெரிந்த பிறகு 17 இலக்க எண்ணோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. 9 இலக்க மூலத்தைப் பிரித்தால் போதும். ஒன்பது ஒன்றுகளை மும்மூன்றாகப் பாருங்கள்:

111111111 = 111 × 1001001

111 = 3 × 37. 1001001-ன் இலக்கக் கூடுதல் 3, எனவே 3 × 333667. மொத்தத்தில்

111111111 = 3² × 37 × 333667
12345678987654321 = 3⁴ × 37² × 333667²

333667 பகா எண்ணா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் காரணிப்படுத்தல் முடியாது. பலரும் இங்கே 'பகா எண்தான்' என்று நம்பி நகர்ந்துவிடுகிறார்கள். வர்க்கமூலம் 577.6 அளவில் இருப்பதால் 577 வரையுள்ள 106 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கையால் செய்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். வேலையை ஆறில் ஒரு பங்காக்க வழி உண்டு.

ஏதோ ஒரு பகா எண் 333667ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 333667 என்பது 10⁹ − 1-ன் காரணி. எனவே அந்தப் பகா எண்ணால் வகுக்கும் கணக்கில் 10-ன் அடுக்குகள் மீண்டும் 1க்கு வந்துசேரும் சுற்றின் நீளம் 1, 3, 9 ஆகியவற்றில் ஒன்று. 1 அல்லது 3 என்றால் அந்தப் பகா எண் 999-ன் காரணியாக வேண்டும்; அதாவது 3 அல்லது 37. 333667-ன் இலக்கக் கூடுதல் 28, ஆகவே 3 இல்லை. 37 × 9018 = 333666, மீதி 1, ஆகவே 37ம் இல்லை. எஞ்சியது சுற்று 9. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, சுற்றின் நீளம் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த எண்ணை வகுக்கும்; எனவே அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 9ஆல் வகுபட வேண்டும். பகா எண் ஒற்றை என்பதால் 18ஆல் வகுபட வேண்டும்.

577 வரை, 18ஆல் வகுக்க மீதி 1 தரும் பகா எண்கள் 17 மட்டுமே. அவற்றால் 333667ஐ வகுத்தால் வரும் மீதிகள்:

19 → 8, 37 → 1, 73 → 57, 109 → 18, 127 → 38, 163 → 6, 181 → 84, 199 → 143, 271 → 66, 307 → 265, 379 → 147, 397 → 187, 433 → 257, 487 → 72, 523 → 516, 541 → 411, 577 → 161

ஒன்றிலும் பூஜ்ஜியம் இல்லை. 333667 பகா எண், நிறுவியாயிற்று. 163-ல் மீதி 6 என்று நெருக்கமாக வருவதால் அங்கே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 163 × 2047 = 333661. 523-லும் ஈவை 638 என்று எடுத்தால் 333674 ஆகி ஏழு மிஞ்சிவிடும்.

எல்லா மாலைமாற்று எண்ணும் இப்படிப் பிளந்து கொடுக்காது. 10³⁰ + 666 × 10¹⁴ + 1 என்ற 31 இலக்க எண் நல்ல எதிர் உதாரணம்: இரு ஓரத்திலும் 1, நடுவில் 666, இரு பக்கமும் பதின்மூன்று பூஜ்ஜியங்கள். ஹார்வி டப்னர் கண்டறிந்த இந்த எண்ணுக்கு கிளிஃபோர்ட் பிக்கோவர் வைத்த பெயர் பெல்ஃபகோர் பகா எண். பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் உள்ளே பிளக்க ஒன்றுமில்லை.

படி 7: வகுத்திகள்

அடுக்குகள் 4, 2, 2. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 3 = 45 வகுத்திகள். ஒற்றைப்படையாக வந்திருப்பது வர்க்கம் என்பதன் அடையாளம்: வகுத்திகள் இணை இணையாகச் சேரும்போது 111111111 மட்டும் தனக்குத்தானே இணையாகிறது. 45 வகுத்திகளையும் பெருக்கினால் 111111111⁴⁵.

வகுத்திகளின் கூடுதல்:

3⁴க்கு 1 + 3 + 9 + 27 + 81 = 121
37²க்கு 1 + 37 + 1369 = 1407
333667²க்கு 1 + 333667 + 111333666889 = 111334000557

மூன்றின் பெருக்கல் 18954279592827579. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 6608600605173258. எண்ணைவிடச் சிறியது, ஆகவே இது ஒரு குறை எண். பெருக்கலைச் சரிபார்க்க 9ஆல் வகுக்கும் சோதனையை மட்டும் நம்பாமல், படி 4-ல் பார்த்த 1001 சோதனையையும் செய்யுங்கள். 121-ல் 11, 1407-ல் 7, கடைசிக் காரணியில் 13 இருப்பதால் மீதி பூஜ்ஜியம் வர வேண்டும்: 579 − 827 + 592 − 279 + 954 − 18 = 1001. வருகிறது.

எண்ணோடு பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சிறிய எண்கள் எத்தனை என்று சொல்லும் ஆய்லரின் ஃபை சார்பின் மதிப்பு (2 × 3³) × (36 × 37) × (333666 × 333667) = 8007983991992016.

வகுத்திகளுக்குள்ளேயே மாலைமாற்றுகள் ஒளிந்திருக்கின்றன: 111, 333, 999, 12321, 1001001, 3003003, 9009009, 333333333, 1002003002001. குறிப்பாக, நம் எண் = 12321 × 1002003002001; இரண்டுமே மாலைமாற்று, இரண்டுமே வர்க்கம். ஆனால் மூலத்தை 3ஆல் வகுத்துக் கிடைக்கும் 37037037 மாலைமாற்று அல்ல. மாலைமாற்றின் வகுத்தியும் மாலைமாற்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை.

படி 8: இரு வர்க்கங்களின் கூடுதலாக

4ஆல் வகுக்க மீதி 3 தரும் பகா எண்கள் இரட்டை அடுக்கில் மட்டும் இருந்தால் ஓர் எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம். இங்கே 3ம் 333667ம் அந்த வகை. அடுக்குகள் 4, 2. 37 மட்டும் மீதி 1 தரும் வகை. எனவே வேலை முழுவதும் 37-ன் தோளில்: 37² = 35² + 12². இதை 111111111 ÷ 37 = 3003003ஆல் பெருக்குங்கள்:

105105105² + 36036036² = 111111111²

பூஜ்ஜியம் கலக்காமல் எழுத இது ஒன்றே வழி. 36036036, 105105105, 111111111 என்ற பிதாகரஸ் மூன்றன் தொகுதியைப் பார்த்துவிட்டு மாலைமாற்றின் மாயம் என்று சொல்லத் தோன்றும். இது சமச்சீரால் வந்ததல்ல. 37 என்ற காரணி இருப்பதால் வந்தது.

படி 9: தலைகீழியின் தசமச் சுழற்சி

1 ÷ 12345678987654321 என்பதன் தசம விரிவு எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை திரும்பும்? கணினியில் ஓடவிட்டுப் பார்க்கத் தேவையில்லை. மூலத்தை 'மூ' என்போம். 10⁹ = 1 + 9 × மூ. சுழற்சி நீளம் 9-ன் மடங்காகத்தான் இருக்க முடியும், ஏனெனில் மூ-வால் வகுக்கும்போதே சுற்று 9. 10⁹-ஐ 'க' அடுக்குக்கு உயர்த்தினால், மூ²-ஆல் வகுக்கும் கணக்கில் அது 1 + 9 × மூ × க. மீதி 1 ஆக வேண்டுமானால் 9 × க என்பதை மூ வகுக்க வேண்டும். மூ = 9 × 12345679 என்பதால் க-வின் மிகச் சிறிய மதிப்பு 12345679. சுழற்சி நீளம் 9 × 12345679, அதாவது 111111111.

எண்ணின் தலைகீழி, அந்த எண்ணின் வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை இலக்கங்கள் கழித்துத்தான் திரும்புகிறது. இது பத்தடிமானமும் வர்க்கமும் கைகோத்துத் தரும் பண்பு. மூலம் 9ஆல் வகுபடுவதே இங்கே திறவுகோல். அது இல்லாத இடத்தில் இந்தச் சமன் வராது.

கைப்பழக்கத்துக்கு இதே ஒன்பது படிகளையும் 12345654321-ல் செய்து பாருங்கள். விடைகளில் சில: இலக்கக் கூடுதல் 36, ஆகவே 9ஆல் வகுபடும், 27ஆல் வகுபடாது. மூலம் 111111 = 3 × 7 × 11 × 13 × 37. எண்ணுக்கு 11 இலக்கம், ஒற்றைப்படை. இருந்தும் அது 11ஆல் வகுபடுகிறது, ஏனெனில் மூலத்துக்கு ஆறு இலக்கம். வகுத்திகள் 243. இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத 4 வழிகள், ஏனெனில் இங்கே 13ம் 37ம் சேர்ந்து வேலை செய்கின்றன. தலைகீழியின் சுழற்சி நீளம் 222222, மூலத்தைப் போல் இரு மடங்கு. அது 111111 என்று வந்தால், படி 9-ன் முடிவை அப்படியே எடுத்திருக்கிறீர்கள்; 9ம் 111111ம் பகிரும் பொதுக் காரணி இங்கே 3 மட்டுமே.